வியாழக்கிழமை வட்டம்

தம்பி லாயிட்டுக்கு,

அக்கா ஐவி எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. வின்னிபெக்கில் நீ நலமாகத்தான் இருப்பாய். கை உடைந்து கிடப்பது என் வீட்டுக்காரர்.

ஏபெலுக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் ஆகும். தினமும் நான்தான் சட்டை மாட்டிவிடுகிறேன். மனுஷர் உன்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அவர் பங்கையும் சேர்த்து நானே திட்டுகிறேன்.

குடித்தாய், சரி. குளிர்பெட்டிப் பூட்டை உடைத்தாய், தடுக்க வந்த ஏபெலைப் பிடித்துத் தள்ளிக் கையை உடைத்தாய். ஆனால் அம்மா இறந்த வருட நினைவு விருந்துக்கு வைத்திருந்த மூஸ் மான் இறைச்சியை டவுனில் கூவி விற்றாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நம் பூர்வகுடி ஆட்கள் வேட்டை இறைச்சியைப் பகிர்ந்து கொடுப்பார்கள், யாராவது விற்றதுண்டா? விருந்து நின்றுபோனது. ஊரில் தலைகாட்ட முடியவில்லை.

அரசு வக்கீல் வழக்கை நம் ஊர் நீதிக் குழுவிடம் விட்டுவிட்டார். குழுவை நடத்தும் மார்லீன் வந்து, தப்புச் செய்தவனும் பாதிக்கப்பட்டவர்களும் ஊர்ப் பெரியவர்களோடு சுற்றி உட்கார்ந்து பேசித் தீர்க்கும் வட்டத்தில் உன் எதிரே உட்கார எனக்குச் சம்மதமா என்று கேட்டாள். "ஜெயில்லயே கெடக்கட்டும்" என்றேன். "ஜெயிலுக்குப் போனா உன் மூஞ்சிய அவன் பாக்கவே வேண்டாமேடி. அதானே அவனுக்கும் வேணும்?" என்றாள். பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

இப்போது நீ அவளுக்குப் போன் செய்து, "ஆறு மாசம் உள்ள இருந்துட்டு வந்துடுறேன், அக்கா முன்னாடி மட்டும் உக்கார வைக்காதீங்க" என்றாயாமே. கோழை! கோர்ட்டில் உனக்காக வக்கீல் பேசுவார், நீ தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். இங்கே கழுகு இறகு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசுவார். குறுக்கே யாரும் வாய் திறக்கக் கூடாது. அது என் கைக்கு வரட்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பேன். அப்புறம் உன் கைக்கு வரும். விருந்துக்கு வேறு மான் அடித்துத் தருவாயா, ஏபெலுக்குக் குளிர்காலம் முழுக்க விறகு பிளப்பாயா, உன் வாயால் சொல்லியாக வேண்டும்.

வியாழன் மதியம் இரண்டு மணி, பள்ளிக்கூடத்தில். வராவிட்டால் மறுநாளே வழக்கு கோர்ட்டுக்குத் திரும்பிவிடும். புதன்கிழமை பேருந்தில் ஏறு. தடித்த கோட்டாகப் பார்த்துப் போட்டுக்கொள், இங்கே பனி ஆரம்பித்துவிட்டது.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்து வராதே, மன்னிக்கவில்லை. ஆனாலும் வந்துவிடு, லாயிட். அம்மாவும் போன பிறகு, திட்டுவதற்கு எனக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை.

கோபம் தீராத உன் அக்கா,
ஐவி