காற்சட்டை குடித்த கல்சியம்

அன்பு மகளுக்கு,

ராணுவ முகாமிலிருந்து நீ தபாலில் அனுப்பிய ஊத்தை உடுப்புகளை நேற்றுத் தோய்த்தேன். காற்சட்டைப் பொக்கற்றுக்குள் கல்சியம் குளிசைக் குழாய் தொடாமலே கிடக்கும் என்று நான் கண்டேனா? மெஷினுக்குள் மூடி கழன்று எல்லாம் கரைந்து, சுவிஸ் ராணுவத்தின் உடுப்பு முழுக்கத் தோடம்பழ மணம். நீ கரைத்துக் குடிக்க வேண்டியதை உன் காற்சட்டை குடித்துவிட்டது.

முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை வெடிப்பு, ஓடாதே, கல்சியம் எடு என்று ராணுவ டொக்டரே சொன்னார். நீயோ ஓட்டத்தையும் விடமாட்டாய், குளிசையையும் தொடமாட்டாய். “அப்பா, இனிக் குளிசை அனுப்பாதேங்கோ, நான் என்ன கிழவியோ?” என்று போனில் கத்தினாய். நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.

இனி மூட ஏலாது. அவற்றை வாங்கி, தோய்த்து அனுப்பும் உன் காலுறைக்குள் ஒளித்து வைப்பது நானில்லை. உன் அம்மா.

ஓம், நீ ராணுவத்தில் சேர்ந்த நாளிலிருந்து உன்னோடு கதைக்காத அதே அம்மாதான். ஊர்ச் சண்டையில் தன் தம்பி சீருடையோடு போய்த் திரும்பாததிலிருந்து எந்தச் சீருடையையும் தொடாதவள், நேற்று அந்த ஈரக் காற்சட்டையைக் கையில் எடுத்தாள். “ஒண்டுகூடக் குடிக்கேல்லையோ இவள்?” என்று எல்லா வீட்டுக்கும் பொதுவான தோய்க்கும் அறைத் தரையிலேயே இருந்துவிட்டாள். மேல்வீட்டுச் சுவிஸ்காரி பதறிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள்.

உங்கள் இரண்டு பேரோடும் மாரடிக்க என்னால் முடியாது. புதுக் குழாய் காலுறைக்குள் இருக்கிறது. அடுத்த முறை அதை வெறுமையாக்கி அனுப்பு.

உன் உடுப்புகளை இனி அம்மாவே தோய்ப்பாளாம்.

இப்படிக்கு,
இரண்டு பிடிவாதக்காரிகளுக்கு நடுவில் நிற்கும்
அப்பா