ஒரு நாளைக்கு ஒரு கட்டி

ஜனவரி 21, செவ்வாய்

வீட்டுக்காரி ஃபெபியின் கடல்மீன் தொட்டியில் பாசி பிடித்துவிட்டது. கடைக்குக் கிளம்பி ஷூ போடும்போது பார்த்தேன். பாறை மேல் பச்சை முடி, ஒரு விரற்கடை நீளம். தண்ணீர் ஓட்டத்தில் சீவிவிட்ட மாதிரி ஆடுகிறது.

பன்னிரண்டு வருஷமாக அந்தத் தொட்டியில் ஒரு தூசி கண்டதில்லை. நான்கடிக் கண்ணாடிக்குள் உப்பைக் கலந்து கடல் செய்து, பவளம் வளர்த்து, ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கோமாளி மீனும் ஒரு இறாலும் விட்டிருக்கிறாள். முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக சார்ட் எழுதின கை. ஐ.சி.யூ. மாதிரிதான் நடத்துவாள். தீனி என்றால் ஃப்ரீசரில் இருக்கிற இறால்குஞ்சுக் கட்டி, சர்க்கரைக் கட்டி அளவு. அதைத் தொட்டித் தண்ணீர் உள்ள டம்ளரில் கரைத்து ஊற்ற வேண்டும். நான் ஆசைக்கு இன்னொன்று எடுத்தால் கையில் அடிப்பாள். "டாக்டர் எழுதாத மருந்த எதுக்குக் குடுக்கிய? ஒரு நாளைக்கு ஒரு கட்டி. அவ்ளோதான்."

"பாசியப் பாத்தியா?" என்றேன்.

"டெல்லி பூரா ஆர்.ஓ. ஃபில்டர் விக்கிய. வீட்டுத் தண்ணி எப்படி இருக்குன்னு பாக்க மாட்டேங்கிய" என்றாள்.

சுருக்கென்றது. என் பிழைப்பே தண்ணீர்தான்.

ஜனவரி 23, வியாழன்

தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற மீட்டரைக் கடையிலிருந்து எடுத்து வந்து பார்த்தேன். தொட்டிக்கு ஊற்றுகிற தண்ணீரில் நூற்றுப் பத்து காட்டுகிறது. பூஜ்யம் இருக்க வேண்டும். எந்தக் குழாயில் பிடிக்கிறாய் என்றால் அடுக்களை ஆர்.ஓ. என்கிறாள். அதில் ருசிக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைத் திரும்பக் கலக்க ஒரு திருகு உண்டு. 'மினரல் வரும் பாய்சாப்' என்று நானே சொல்லி விற்பதுதான். குடிக்க நல்லது. பவளத்துக்கு ஆகாது. இதை எனக்குச் சொல்லித் தந்தவளே அவள்தான்.

"தொட்டிக்குன்னு பால்கனில தனியா ஃபில்டர் மாட்டிக் குடுத்திருக்கேனே?"

"அப்படி ஒண்ணு இருக்கா?" என்றாள்.

கிண்டல் செய்கிறாள் என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்து இரண்டு பேருமாகப் பழைய டூத்பிரஷால் பாறையைத் தேய்த்தோம். அரை வாளி பாசி. ஊறப்போட்ட கம்பளி மாதிரி கனத்தது. குளிரில் விரல் விறைத்துவிட்டது. பால்கனி ஃபில்டருக்குப் புது மெம்பரேன் போட்டாயிற்று. தண்ணீர் பூஜ்யம். விளக்கு ஒன்பது மணி நேரத்திலிருந்து ஆறு. பாசி தின்ன நத்தை எட்டு வாங்கி விட்டேன். இனி வராது.

பிப்ரவரி 9, ஞாயிறு

வந்துவிட்டது. முன்பைவிட அடர்த்தி. பாசிக்கு உரம் பாஸ்பேட். அதன் சோதனைக் குழாயில் இப்படி ஒரு கருநீலம் பார்த்ததே இல்லை. பெரிய பவளம் இரண்டு நாளாக விரியவில்லை.

தண்ணீர் சுத்தம். விளக்கு குறைத்தாயிற்று. வேறு எங்கிருந்து?

பிப்ரவரி 13, வியாழன்

ஜெகன் கடையில் சண்டை. லாஜ்பத் நகரில் கடல்மீன் கடை வைத்திருக்கிற மதுரைக்காரன், உப்பும் தீனியும் அவனிடம்தான். நான்கு வாடிக்கையாளர் முன்னால், உன் உப்பில் கலப்படம் என்று கத்தினேன். என் கடையில் ஒருத்தன் வந்து அப்படிக் கத்தினால் விட்டிருப்பேனா?

அவன் குரலைக் கூட உயர்த்தவில்லை. "அண்ணாச்சி, உப்புல கோளாறுன்னா இந்நேரம் இன்னும் முப்பது வீட்டுத் தொட்டி பச்சையாகியிருக்கணும். தீனி ஜாஸ்தி போகுது. ஒரு அட்டைக்கு முப்பது கட்டி. அக்கா போன மாசம் ஃபோன் பண்ணி நாலு அட்டை வாங்கியிருக்காங்க."

"யாரப் பத்திப் பேசுதன்னு தெரியுதாலே? உனக்குப் பவளம் வளக்கக் கத்துக் குடுத்தவ அவ!"

"அதான் அண்ணாச்சி எனக்கும் புரியல" என்றான்.

வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஒரு மாதச் சரக்கு ஒரு வாரத்தில் தீர்ந்தால் கடையில் நான் முதலில் என்ன கேட்பேன்? வீட்டில் ஏன் கேட்கவில்லை?

பிப்ரவரி 17, திங்கள்

திங்கள் கரோல் பாக் கடைத்தெருவுக்கு லீவு, என் கடைக்கும்தான். பேப்பரை விரித்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன்.

எட்டரைக்கு ஒரு கட்டி. கரைத்து ஊற்றி, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். சுத்தமான வேலை. ஒன்பதே முக்காலுக்கு அதே டம்ளர், அதே வேலை. "பாவம், காலையில இருந்து பட்டினி கெடக்கு" என்றாள். பதினொன்றுக்கும் அதே வார்த்தை. பன்னிரண்டரைக்கும்.

நாலாவது தடவை வாய் விட்டுவிட்டேன். "ஏ பிள்ள, இப்பத்தான போட்ட?"

"யாரு?"

"நீதான்."

"சும்மா கெடங்க. ஒரு நாளைக்கு ஒரு கட்டிதான்னு எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன்.

ஆண்டவரே, என்ன இது.

பிப்ரவரி 18, செவ்வாய்

பாசி வந்த தேதி எழுதி வைத்திருக்கிறேன். இது வந்த தேதி தெரியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

டாக்டர். சின்னப் பெண், ஹிந்தியில் பொறுமையாகப் பேசினாள். மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைக்கச் சொன்னாள். கடிகாரம் வரையச் சொன்னாள். ஃபெபி வட்டத்தை அழகாகப் போட்டாள். எண்கள் பன்னிரண்டும் வலது பக்கத்திலேயே நெருக்கிக்கொண்டு நின்றன. கொஞ்ச நேரம் அதையே பார்த்தவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

ஸ்கேனும் பார்த்தாயிற்று. மறதி நோய்தான், சந்தேகம் இல்லை என்றாள் டாக்டர்.

வெளியே வந்து ஃபெபி, "இந்தப் பேப்பர நான் எத்தனை பேருக்கு நீட்டியிருக்கேன் தெரியுமா" என்றாள். ஆட்டோவில் முனிர்கா வீடு வரும்வரை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பெர்த்திலிருக்கும் மகன் பிராங்ளினிடம் சொன்னேன். டாக்டர் பேரையும் மாத்திரைப் பேரையும் எழுதிக்கொண்டான். பிறகு, "ஃபீட் எல்லாம் ஒளிச்சு வைங்கப்பா" என்றான். செய்தேன். ஃப்ரீசர் அடியில், தேங்காய்த் துருவலுக்குக் கீழே.

மார்ச் 6, வியாழன்

ஜெகனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். காரணமும் சொன்னேன். "டீ குடிங்க அண்ணாச்சி" என்றான்.

மார்ச் 11, செவ்வாய்

சாயங்காலம் வீடு வந்தால் தொட்டி கஞ்சித் தண்ணீராக இருக்கிறது. பாறை இடுக்கெல்லாம் சோறு. இறால் செத்துக் கிடந்தது.

"தீனியக் காணல. பசிக்கும்லா, அதான் சோறு போட்டேன்."

ஒளித்து வைத்தது நான். முப்பது வருஷம் கடைத்தெருவில் யாரும் என்னை ஏமாற்றியதில்லை. என்ன சாமர்த்தியம் வேண்டிக் கிடக்கு எனக்கு? அவ பசிக்கும்னுதானே போட்டா, பசிக்கும்னு...

பாதித் தண்ணீர் மாற்றினேன். கோமாளிகள் பிழைத்துவிட்டன. இறாலை அவள் பார்க்காமல் பேப்பரில் சுற்றி எறிந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

இன்று அவளுக்கு நல்ல நாள். காபி போட்டுக்கொண்டு வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். பெரிய பவளத்தைப் பாசி முக்கால்வாசி மூடிவிட்டது.

"இறால் எங்க?"

எழுந்து கண்ணாடியைத் துடைக்கப் போனேன்.

"நான்தான் திரும்பத் திரும்பப் போடுதேனா?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியும். விற்றுப் பிழைப்பவனுக்குத் தெரியாதா? வரவில்லை. ஆமாம் என்றேன்.

காபியைக் கீழே வைத்தாள். "வார்டுல இப்படி ஒரு சிஸ்டர் இருந்தா நானே மெமோ குடுத்திருப்பேன்."

பகலில் துணைக்கு ஒரு பெண் ஆள் வைக்கிறேன், தீனியை அவள் கவனித்துக்கொள்ளட்டும் என்றேன்.

"ஆள் வைங்க. எனக்கு வேணும். தொட்டி வேண்டாம். நான் செஞ்சத தினமும் பாத்துட்டு இருக்கச் சொல்லுதியளா? உயிரோட இருக்கையிலேயே ஜெகனுக்குக் குடுத்திருங்க." அப்புறம், வேறு யாரோ நோயாளியைப் பற்றிச் சொல்கிற மாதிரி, "அவன் கடைக்குப் பாக்க வந்தாலும் நான் கேப்பேன், போட்டாச்சான்னு. ஊசி போடு ஊசி போடுன்னு அழுகிற கேஸுக்கு வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஏத்துவோம். தூங்கிரும். எனக்கும் அதையே செய்யச் சொல்லுங்க."

மத்தியானம், பிராங்ளின் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டானா என்று கேட்டாள்.

மார்ச் 24, திங்கள்

ஜெகன் இரண்டு ஆட்களோடு டெம்போவில் வந்தான். தண்ணீரைப் பீப்பாய்களில் இறக்கினார்கள். பாறையை ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். ஃபெபி பக்கத்தில் நின்று, "பையா, தீரே, தீரே" என்று மெதுவாகத் தூக்கச் சொல்லி மேற்பார்வை பார்த்தாள். யாருடைய தொட்டி என்று என்னிடம் கேட்டாள். நம்முடையது என்றேன்.

"பாசியோட இருந்தாலும் நாப்பதாயிரம் தர்றேன் அண்ணாச்சி" என்றான் ஜெகன்.

வேண்டாம் என்றேன்.

"சும்மாவா? நீங்களா?" என்று சிரித்தவன் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஃபெபியைக் கூட்டி வந்து தொட்டியைக் காட்ட நான் வாரம் இரண்டு நாள் கேட்டேன். வியாபார நாளில் கூட்டத்துக்கு நடுவில் அக்காவை நிறுத்த வேண்டாம் என்றான். நியாயம். ஒரு நாளுக்கு ஒத்துக்கொண்டேன்.

பேசி முடித்தது இதுதான். விலை கிடையாது. தொட்டியை அவன் விற்கக் கூடாது. திங்கட்கிழமை அவன் கடைக்கும் லீவு. பதினொரு மணிக்கு எங்கள் இரண்டு பேருக்காக ஷட்டரைத் தூக்குவான். யாருடைய தொட்டி என்று கேட்டால், உங்களுடையது அக்கா என்று சொல்வான். ஒரு கட்டி அவள் கையால் போடுவாள். மறுபடி கேட்டால் கட்டி கரைக்காத வெறும் கடல் தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுப்பான். எத்தனை தடவை கேட்டாலும்.