பிளாஸ்திரி ஒட்டிய குமிழ்

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் காரியமெல்லாம் முடிந்து, நேற்று உங்கள் ரெக்கார்டு பிளேயர் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நெல் சாக்கைச் சுற்றிக் கட்டி அனுப்பியிருந்தார்கள். பிரித்ததும் அந்தக் குமிழைத்தான் பார்த்தேன். பூஜ்யத்திலேயே நிற்கிறது. யாரும் திருப்பிவிடாதபடி மேலே பிளாஸ்திரி வேறு. நீங்கள் இருந்திருந்தால் அப்போதே திருவையாற்றில் பஸ் ஏறிச் சண்டைக்கு வந்திருப்பேன்.

எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? தட்டு சுற்றும்போது ஊசிக் கை நடுப்பக்கமாக இழுபடும். ஊசி ஒரு பக்கமே அழுந்தி, வலது ஸ்பீக்கர் கரகரக்கும். கையை லேசாக வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்கத்தான் அந்தக் குமிழ். ஒன்றரையில் வைத்தால் போதும்.

"ஊசி எப்படியும் நடுவுக்குத்தானே போவணும் சம்பந்தி? வாய்க்காத் தண்ணி வயலுக்குப் போறப்ப பின்னாலேருந்து இழுத்தா புடிக்கிறோம்?" என்பீர்கள்.

பெண்ணைக் கொடுத்த இடமாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். நீங்கள் காபி சொல்ல உள்ளே போனதும் குமிழைத் திருப்பிவைப்பேன். அதற்குத்தான் பிளாஸ்திரி வந்தது. நாதஸ்வரம் மேலே ஏறும்போது தகரத்தைக் கீறுவதுபோல் இருக்கும். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்று தலையை ஆட்டி ரசிப்பீர்கள். வேண்டுமென்றே வெறுப்பேற்றுகிறீர்கள் என்று நினைத்தேன். போன தீபாவளிக்குப் பொறுக்கமாட்டாமல், "செவிட்டுக் காதுக்கு எதுக்குங்க ரெக்கார்டு?" என்று கேட்டே விட்டேன். நீங்கள் சிரித்தீர்கள்.

இன்று காலை உங்கள் வீட்டம்மாவுக்குப் போன் செய்து பிளாஸ்திரியைப் பற்றிப் புலம்பினேன். அவர்தான் சொன்னார்.

"அண்ணே, அவுங்களுக்கு வலது காது சுத்தமா கேக்காதே. சின்ன வயசுல திருவிழா வேட்டுல போனது. உங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷச் சண்டையில் ஒரு நாள் சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்தத் தீபாவளியன்றாவது சொல்லியிருக்கலாம். என்ன மனிதர் நீங்கள்?

பிளாஸ்திரியை உரித்துக் குமிழை ஒன்றரையில் வைத்தேன். கரகரப்பு போய்விட்டது. நான் சொன்னதுதான் சரி, அதில் மாற்றமில்லை.

ஆனால் ஒன்று. நாம் பாட்டுக் கேட்கும்போதெல்லாம் உங்களுக்கு வலப்பக்க நாற்காலிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பீர்கள். நல்ல இடத்தை வளைத்துக்கொள்கிறீர்கள் என்று அதற்கும் முணுமுணுத்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்தால்தான் உங்கள் இடது காது என் பக்கம் இருக்கும் என்று இன்றுதான் புரிகிறது. கேட்கிற ஒரே காதை என் பக்கம் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். அந்தக் காதில் நான் இந்தக் குமிழைத் தவிர வேறு எதையும் பேசவில்லை.