உரலில் நட்ட டிஷ்

செஞ்சி,
திங்கட்கிழமை.

அன்பு மகள் கீர்த்தனாவுக்கு உன் நைனா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். டெல்லிக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா என் உதட்டைப் பார்த்தே பாதி விஷயத்தைப் பிடித்துவிடுவாள். வாட்ஸப்பில் எழுதினால் போனை எடுத்துப் படித்துவிடுவாள். காது கேளாதவளிடம் ரகசியம் காப்பதைப் போலக் கஷ்டமான வேலை வேறு இல்லை. அதனால் கடையில் உட்கார்ந்து எழுதிக் கூரியரில் அனுப்புகிறேன்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிறு மதியம் இந்திச் செய்தியில் நீ முதல் தடவையாகச் சைகை மொழியில் சொல்லப் போகிறாய் அல்லவா? அதை அம்மா நம் வீட்டு டிவியில், உன் பத்து விரலும் தெரிய, பெரிதாகப் பார்க்கப் போகிறாள். போனில்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று எண்ணி, அவள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

முதலில் நெட்டில் முயன்றேன். உங்கள் சேனலில் வேறொரு பெண் சைகை செய்வதைப் போட்டுப் பார்த்தால், நிமிடத்துக்கு ஒருமுறை படம் நின்றது. பாட்டு நின்றால் பரவாயில்லை. கை பாதி வார்த்தையில் அந்தரத்தில் நின்றால் அம்மாவுக்கு என்ன புரியும்?

அடுத்தது கேபிள். படம் சுத்தமாக இருந்தது. ஆனால் கீழே ஓடும் விளம்பரப் பட்டை அந்தப் பெண்ணைக் கழுத்துக்குக் கீழே மறைத்துவிட்டது. என்ன விளம்பரம் என்று பார்த்தால், நம் 'லாரன்ஸ் டிவி சென்டர்'. கேபிள்காரர் கோதண்டராமனிடம் போனேன். "உன்னுதை எடுத்துடலாம்ணே. பின்னாடியே நகைக்கடை, பாத்திரக்கடை, பல் டாக்டர்னு வரிசையா நிக்கிறாங்களே, அவங்களை இன்னா பண்றது?" என்றார். நியாயம்தான்.

மிச்சம் இருந்தது டிஷ். அதற்குத்தான் நம் குடியிருப்பில் தடை. மாடியில், சுவரில், பால்கனியில் டிஷ் கூடாது என்று படிக்கட்டில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊருக்கெல்லாம் டிஷ் மாட்டியவன் வீட்டில் டிஷ் இல்லை. அந்தத் தடை வந்ததே என்னால்தான், உனக்குத் தெரியாது. என் ஆட்கள் மாடித் தரையில் துளை போட்டுச் சரியாக அடைக்காமல் விட்டார்கள். மழை வந்ததும் மேல் வீட்டு விநாயகத்தின் கட்டிலில் ஒழுகியது. அவர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். "வூட்டுக்குள்ள குடை பிடிச்சுகினு படுத்தவன் நான்" என்று இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு வாரம் முன்பு தொண்டூருக்கு ஒரு டிவி இறக்கப் போனேன். பூவாயி என்று ஒரு அம்மாள், கூரை வீடு. மாட்டுத்தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல் உரல் கிடந்தது. அதன் குழியில் சிமென்ட் போட்டு டிஷ் கம்பியை நட்டு வைத்திருந்தாள். இன்னாம்மா, தரையிலே வெச்சிருக்கே என்று கேட்டேன். "வானத்துலேர்ந்துதானே வருது? கீழ உக்காந்துகினு இருந்தா மழை நம்ம மேல பெய்யாதா?" என்றாள்.

முப்பது வருஷமாக இதே தொழில் எனக்கு. நம் பக்கத்தில் டிஷ் நன்றாக அண்ணாந்துதான் உட்காரும், பக்கத்துச் சுவர் அதை மறைக்காது என்பது தெரியாதவனா நான்? ஆனாலும் டிஷ் என்றதும் கால் ஏணியைத் தேடிப் போகும். தெருவில் போகிறவன் கண்ணில் பட வேண்டும் என்று வாங்குகிறவர்களும் உயரத்தில்தான் கேட்பார்கள். அப்படியே பழகிவிட்டது.

அன்றைக்கே விநாயகத்திடம் போனேன். மோட்டார் அறைக்குப் பின்னால் தரையில் ஒரே டிஷ், அதிலிருந்து பன்னிரண்டு வீட்டுக்கும் இணைப்பு. ஒயர் தண்ணீர்க் குழாய் ஏறும் சந்திலேயே ஏறும், சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டேன் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி லாரன்சு, என் மாடி?" என்றார். இத்தனை நாளும் அந்தப் பேச்சு வந்தால் நழுவிவிடுவேன். இந்தத் தடவை மூன்று நாள் நானே கூட நின்று, மாடித் தளத்து ஓடுகளைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்துக் கொடுத்தேன். நான்காம் நாள் அவரே பக்கத்து அனந்தபுரத்திலிருந்து ஓர் உரலை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

உரல் எதற்கு என்று அம்மா கேட்டாள். விநாயகம் வீட்டில் மஞ்சள் இடிக்கப் போகிறார்கள் என்றேன். நேற்று அவள் பூசைக்குப் போயிருந்தபோது டிஷ்ஷை நட்டுப் பார்த்துவிட்டேன். படம் கண்ணாடி மாதிரி வருகிறது. இப்போது சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நம் வீட்டில் இத்தனை வருஷம் டிவி ஓடியது. செய்தி ஓடும்போது அம்மா என் பக்கம் திரும்பி, விரலைத் திருப்பி, இன்னா என்று கேட்பாள். நான் கையை விசிறி ஒன்றுமில்லை என்பேன். ஒன்றுமில்லாததையா அரை மணி நேரம் பேசுவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை கையை நிதானமாக அசை. அதுவரை அவளிடம் மூச்சுவிடாதே. மாதா துணை இருப்பாள்.

உன் நைனா,
லாரன்ஸ்.


செஞ்சி,
மறு திங்கட்கிழமை.

அன்பு மகளே,

பார்த்துவிட்டாள். நேற்று வீடியோவில் அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். அவள் சொல்லாததை நான் எழுதுகிறேன்.

கூடம் நிறைய ஆட்கள். விநாயகமும் அவர் மனைவி செல்லம்மாளும் வந்தார்கள். அப்படி என்ன படம் வருகிறது பார்ப்போம் என்று கோதண்டராமனும் வந்து கதவோரம் நின்றார். டிவியைப் போட்டதும் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே திரையைப் பார்த்தாள். ஓரத்தில் நீ. போனைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

செய்தி ஆரம்பித்ததும்தான் எங்களுக்கு உறைத்தது. எல்லாம் இந்தி. எங்களில் யாருக்கும் ஒரு எழுத்து தெரியாது. உன் கைக்கு ஏது இந்தி? அம்மா மட்டும் தலையாட்டுகிறாள், உச்சுக் கொட்டுகிறாள், ஓரிடத்தில் சிரிக்கிறாள். "இன்னா சொல்றாங்க, தங்கச்சியைக் கேளுய்யா" என்று விநாயகம் என்னை இடித்தார்.

நான் அவள் தோளைத் தொட்டு, விரலைத் திருப்பி, இன்னா என்றேன். அவள் உன்னை விட்டுக் கண்ணை எடுக்காமலே கையை விசிறினாள். ஒன்றுமில்லையாம்.

என்னுடைய அதே விசிறல்.

செய்தி முடிந்ததும் சிரித்துக்கொண்டே திரும்பி, எங்கள் எல்லோருக்கும் கையால் சொல்ல ஆரம்பித்தாள். எங்கோ வெள்ளம், ஒரு பாலம், ஏதோ விலை. பாதிதான் எனக்குப் பிடிபட்டது, அந்தப் பாதியைச் சொன்னேன். "முப்பது வருஷம் குடும்பம் நடத்திட்டு பாதிதானா?" என்றார் விநாயகம். கோதண்டராமன் சிரித்த சிரிப்பு மோட்டார் அறை வரைக்கும் கேட்டிருக்கும்.

லீவில் வரும்போது எனக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடு. அதற்கு முன்பாக ஒன்றே ஒன்று வேண்டும். "சொல்லு, நான் கேட்கிறேன்" என்பதைக் கையால் எப்படிச் சொல்வது? காகிதத்தில் படம் போட்டுக் கடையின் விலாசத்துக்கு அனுப்பு. வாட்ஸப் வேண்டாம், அவள் பார்த்துவிடுவாள்.

உன் இரண்டு கைகளையும் மாதா காப்பாற்றட்டும்.

உன் நைனா.