கோயிலுக்குக் கதவு கேட்டவளுக்கு

போன ஞாயிறு பூசை நடுவில் சைரன் அடித்ததடி. இங்கே ஹைதராபாத் பட்டான்செருவில் எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு மருந்துக் கம்பனி இருக்கிறது. வாயு கசிந்தால் எப்படி வெளியேறுவது என்று அங்கே ஒத்திகை. வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே போட்டிருந்தார்கள். தெரிந்து என்ன பயன்? சத்தம் கேட்டது மட்டும்தான் நினைவிருக்கிறது. சுயநினைவு வந்தபோது கேற்றுக்கு வெளியே, ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவில் நிற்கிறேன். மகள் உள்ளே.

எட்டு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறேன்! அவள்தான் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். "அம்மா, எந்துக்கு பாரிப்போயாவ்?" என்றாள். ஏன் ஓடிப்போனாய் என்று கேட்கிறாள். நான் தமிழில் எது சொன்னாலும் அவளுக்குத் தெலுங்கில்தான் பதில் வரும். வயிற்றுவலி என்று பொய் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்னிடம் சொன்னால் விளங்கும். நீயோ போன மாதம் போய்விட்டாய். ஷெல்லுக்குத் தப்பியவளை, இங்கே சுகர் என்று சொல்லும் சீனி வருத்தம் கொண்டுபோய்விட்டது.

மன்னாரில் நம் ஊர்க் கோயிலுக்கு அப்போது ஒரே வாசல். கோயிலுக்குள் இருந்தால் அடிக்கமாட்டார்கள் என்று நம்பி ஊரே உள்ளே போனது. நீயும் நானும் பள்ளிக்கூடச் சட்டையோடு இருந்தோம். கூரையில் ஷெல் விழுந்ததும் எல்லோரும் அந்த ஒரு வாசலுக்குப் பாய்ந்தார்கள். யார் யாருடைய கால்களுக்குள்ளாலோ நுழைந்து நாம் இரண்டு பேரும் வெளியே வந்தோம். உன் அம்மா வரவில்லை.

சண்டை ஓய்ந்து, கோயிலைத் திரும்பக் கட்டக் கூட்டம் போட்டபோது நான் கல்யாணமாகி ஹைதராபாத்துக்கு வந்துவிட்டேன். ஊர் பார்க்க வந்தவளை நீதான் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். வெளிநாட்டில் இருக்கும் நம் சனம் பெரிய கோபுரம் கேட்கிறது என்றார் ஃபாதர். நீ எழும்பினாய்.

"கோபுரம் பேந்து கட்டலாம் ஃபாதர். முதல் கதவை வையுங்கோ. ரெண்டு பக்கமும் நிறைய வையுங்கோ."

"அவ்வளவு கதவு வைச்சா மழைத்தண்ணி உள்ளுக்கு வருமே பிள்ளை?"

"வரட்டும் ஃபாதர். நனைஞ்சு இஞ்ச ஒருத்தரும் சாகேல்லை."

அதற்குப் பிறகு யாரும் கோபுரத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. பின்வரிசையில் யாரோ அழத் தொடங்க, ஃபாதர் வரைபடத்தைச் சுருட்டி வைத்தார்.

திறப்புவிழாப் பூசைக்கும் வந்தேன். ஒருத்தரும் செருப்பை வெளியே கழற்றி வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு எல்லோரும் கதவோரமாகவே இருந்துவிட்டார்கள். நடுக்கோயில் காலி. ஃபாதர் பூசையைத் தொடங்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நீ எழும்பிப்போய்த் தனியாக நடுவில் முழந்தாளிட்டாய். நான் கதவோரத்தைவிட்டு அசையவில்லை.

"உனக்குப் பயமே இல்லையாடி?" என்று பிறகு கேட்டேன்.

"விசரி! பயத்தில செத்துப் போனன். ஆராவது ஒராள் போய் இருந்தாத்தானே மற்றச் சனம் வரும்?"

அடுத்த திருநாளுக்கு நடுவில் இடமில்லாமல் போய்விட்டது என்று போனில் சொல்லிச் சிரித்தாய். எனக்கு மட்டும் அந்தப் பயம் விடவேயில்லை. இத்தனை வருடமாக இங்கேயும் கடைசி வரிசைதான், கதவுக்குப் பக்கத்தில்தான். காற்று வேண்டும் என்று என் கணவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு மகளுக்குப் புது நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். முன்வரிசையில், சரியாக நடுவில் அவளை இருத்தப் போகிறார்கள். ஓரத்தில் இரு என்று கெஞ்சிப் பார்த்தேன். "நக்கோம்மா! ஃபிரெண்ட்ஸ் அந்தரூ அக்கடே உன்னாரு." மாட்டாளாம், தோழிகளெல்லாம் நடுவில்தானாம். வெள்ளை உடுப்பைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறாள்.

அவளுக்கு நேர் பின்னால் இருக்கப் போகிறேன். திரும்பவும் ஏதாவது சத்தம் கேட்டால், முதலில் அவளைத் தூக்குவேன் என்று மனசு சொல்கிறது. கால் என்ன செய்யும் என்று சத்தியமாகத் தெரியாது. நீ இப்போது உன் அம்மாவோடு இருப்பாய். இரண்டு பேருமாக எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள். இன்னொருமுறை நான் மட்டும் தப்பிவிடக் கூடாதடி.