மூடிக்குள் அடித்த மணி

நவம்பர் 8, சனி

வெக்ஸ்போர்ட் நூலகத்தில் இன்று என் மூன்றாவது பேச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளாத பெண்கள் பொது விரிவுரைகளுக்குப் போய் அறிவியல் கேட்டதைப் பற்றிச் சொன்னேன். அங்கே அவர்கள் பார்த்த ஒரு சோதனையின் படத்தையும் காட்டினேன். கண்ணாடி மூடிக்குள் மணியை அடிக்கவிட்டுக் காற்றை வெளியே எடுப்பார்கள். சுத்தியல் அடிப்பது தெரியும், சத்தம் கேட்காது.

மூன்று சனிக்கிழமையும் கடைசி வரிசையில் பேசாமல் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்த அக்கா இன்றுதான் வாயைத் திறந்தார்.

“மிஸ், பட்டமும் குடுக்கேல்லை, வேலையும் குடுக்கேல்லை. பிறகேன் அவையள் போனவை?”

“வீட்டிலை பொழுது போகேல்லையாக்கும்.”

நான் பகிடி விடுகிற ஆள் இல்லை. இன்றைக்கென்று வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

“அப்ப என்னை மாதிரித்தான் எண்டுறியள்,” என்று அவரும் சிரித்தார். தேநீருக்கு நிற்காமல் போய்விட்டார். கொப்பி கதிரையில் கிடந்தது.

இப்போது அது என் மேசையில் இருக்கிறது. திறந்திருக்கக் கூடாது. என் படத்தைவிட நேர்த்தியாக அந்த மணியை வரைந்திருக்கிறார். கீழே எழுதியிருக்கிறார்: “காற்று இல்லாவிட்டால் சத்தம் வராது. அப்படியென்றால் வெளிச்சம் எப்படி வருகிறது? மிஸ்ஸிடம் கேட்க வேண்டும்.”

அந்த நூற்றாண்டின் பெரிய தலைகளே தடுமாறிய கேள்வி.

கொப்பியின் உறையில் ஜெசிந்தா என்ற பெயர் மட்டும்தான். தொலைபேசி எண் இல்லை. அடுத்த சனி வருவாரா, தெரியாது. கண்ணை மூடினால் அந்தச் சுத்தியல் அடித்துக்கொண்டே இருக்கிறது.