முதலாளி ஒத்துக்கொண்ட தப்பு

திருப்பூர்,
பிப்ரவரி 2009

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். மூட்டுவலி குறைந்ததா? நான் சுகம்.

கம்பெனியில் ஆர்டர் பாதியானதும், நாங்களும் உங்களைப் போலவே மந்திரிகளைத் திட்டிக்கொண்டிருந்தோம். முதலாளி ஈஸ்வரமூர்த்தி தையல் மெஷின்களுக்கு நடுவே வந்து நின்றார்.

"கரண்ட் கட்டுக்குத் திட்டுங்க, நானும் சேந்துக்கறேன். ஆனா ஆர்டர் குவிஞ்சப்ப என் திறமைன்னு சொன்னனுங்க. இப்ப மட்டும் மந்திரி மேல பழி போட்டா நாயமுங்களா? இப்ப பண நெருக்கடியில மாட்டுன அமெரிக்கா கம்பெனி ஒண்ணையே நம்புனது என் தப்புங்க" என்றார்.

யாரையும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. தப்பை ஒத்துக்கொண்ட பெரிய மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன் அப்பா.

வேறு கம்பெனிகளில் வேலை பார்த்த என் அறைத்தோழிகள் ஐந்து பேரும் வேலை போனதால், பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அண்ணன் இங்கே வந்தால் நம் பழைய ரேடியோவைக் கொடுத்துவிடுங்கள். செய்தி கேட்க அல்ல. அறையில் யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும்.

ஷிப்டுக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்,
செல்வராணி